ஆலைவாயிலில் ஒலித்த தமிழ்: திரு.வி.க. வாழ்வும் பணியும்

தமிழறிஞர்தம் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர்கள் இயற்றிய நூல்களை எண்ணி, பெற்ற பட்டங்களை அடுக்கி, புகழுரையோடு நிறைவு செய்துவிடுகின்றனர். தமிழ்த்தென்றல் திரு.வி. கலியாணசுந்தரனாரைப் பற்றியும் அவ்வாறு எழுதியவர் பலர். ஆயின், திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட இத்தொழிற்பகுதியில் வாழும் நாம், நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், அப்பெருமகனாரை வேறொரு நோக்கில் நினைவுகூர்வதே பொருத்தமாகும். நம் கவிஞருள் பலர் பணிச்சீருடையோடு அரங்கிற்கு வருபவர். இரவுப்பணிப் பேருந்தின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே கவிதை படிப்பவர். அவர்களுக்குத் திரு.வி.க. உரைநடை முன்னோடி மட்டும் அல்லர். பெரியதொரு நிறுவனத்தின் எதிரே எளிய மக்கள் ஒன்றுகூடவும் வாய்திறந்து பேசவும் உரிமை உடையவர் என்பதைத் தமிழில் எடுத்துரைத்த முதல் தலைமுறைத் தலைவருள் ஒருவர்.

அவ்வாழ்க்கையில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. அவரையும் அவரைச் சார்ந்தோரையும் தொழிலாளரிடமிருந்து பிரிக்க மும்முறை முயற்சி நடந்தது. முதன்முறை நீதிமன்றத் தடையாணை வாயிலாக; இரண்டாம் முறை நாடுகடத்தல் அச்சுறுத்தல் வாயிலாக; மூன்றாம் முறை வீட்டுக்காவல் வாயிலாக. முதல் இரண்டும் அயலார் ஆட்சியில் நிகழ்ந்தவை. மூன்றாவது நம்மவர் ஆட்சியில் நிகழ்ந்தது. இக்கட்டுரை அந்த மூன்று நிகழ்ச்சிகளை மையமாகக் கொண்டு அவர் வாழ்வைக் கூற முற்படுகிறது.

இளமையும் கல்வியும்

திரு.வி.க. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் விருத்தாசல முதலியாரும் சின்னம்மாளும் ஆவர். முன்னோர் திருவாரூரினர், அவ்வூர்ப் பெயரே அவர் பெயரின் முதலெழுத்தாயிற்று. பிறந்த ஊர் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூர். பின்னர்த் தண்டலம் என வழங்கலாயிற்று. சென்னைக்கு மேற்கே, ஏரிகளும் கழனிகளும் நிறைந்திருந்த இந்நிலப்பரப்பே அவரை ஈன்றது. ஆதலின் அவர் நம் பக்கத்தவர் என்று உரிமை கொண்டாட நமக்கு இடமுண்டு. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் இவ்வட்டாரத்ததே. சேக்கிழாரின் பெரியபுராணத்துக்குக் குறிப்புரை எழுதிப் பதிப்பித்தவர் திரு.வி.க. என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றபோது, யாழ்ப்பாணத்துப் பேரறிஞர் நா. கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழாசிரியராக வாய்த்தார். அருட்பா மருட்பாப் பூசல் நீதிமன்றம் ஏறிய காலம் அது. ஆசிரியர் பொருட்டுச் சான்று கூறச் சென்றமையால் 1904ஆம் ஆண்டில் இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. அத்துடன் பள்ளிக் கல்வி முடிந்தது. மாணவர் ஒருவர் தேர்வைவிட வாய்மைக்குச் சான்றாதலைப் பெரிதென எண்ணினார். பிற்கால வாழ்வு முழுமைக்கும் இந்நிகழ்ச்சியை ஒரு முன்னுரையாகக் கொள்ளலாம்.

பின்னர்ச் சென்னை ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகச் சிறிது காலம் பணியாற்றினார். நாட்டு விடுதலையில் அவர் கொண்ட ஈடுபாடும் அவ்வேலையும் ஒத்துவரவில்லை, வேலை நீங்கியது. அதன்பின் ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகவும், தாம் பயின்ற வெஸ்லி நிறுவனத்திலேயே தமிழாசிரியராகவும் விளங்கினார். அவ்வாசிரிய வாழ்வு நிலையானது, மதிப்புடையது, குடும்பத்துக்குப் போதுமானது. அதனை அவர் 1917இல் தாமே துறந்தார்.

பத்திரிகைப் பணி

1917ஆம் ஆண்டு டிசம்பரில் 'தேசபக்தன்' நாளிதழ் தொடங்கப்பட்டபோது அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் அரசியல் ஆங்கிலம் கற்றோரின் உடைமையாக இருந்தது. மேடைகளில் ஆங்கிலமே கோலோச்சியது. தமிழில் எழுதியோரும் ஆங்கிலமும் வடமொழியும் விரவிய நடையையே கையாண்டனர். திரு.வி.க. இலக்கியப் பயிற்சியால் பெற்ற சொற்களை எடுத்து, நாளிதழ்த் தலையங்கத்துக்கு ஏற்ற சிறு வாக்கியங்களாக வார்த்தார். உரிமை, உழைப்பு, ஆட்சி, கூட்டுறவு ஆகிய பொருள்களைப் பற்றிப் பொதுமக்கள் தமிழிலேயே சிந்திக்க அந்நடை வழிவகுத்தது. 1910ஆம் ஆண்டின் அச்சுச் சட்டம் பத்திரிகைகளின் தலைமேல் தொங்கிய காலத்தில் எழுதிய எழுத்து அது என்பதை மறத்தலாகாது. இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் 'தேசபக்த'னை விட்டு நீங்கி, 1920 அக்டோபரில் 'நவசக்தி'யைத் தொடங்கினார். இராயப்பேட்டையில் அமைந்த சாது அச்சுக்கூடம் அதன் இல்லமாயிற்று. பின்னாளில் கல்கி என்று பெயர் பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி, இளமையில் 'நவசக்தி'யில் பணியாற்றிப் பயிற்சி பெற்றவரே.

சங்கம் தோன்றிய வரலாறு

சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் அந்நாளில் ஆயிரக்கணக்கானோர் உழைத்த பெருந்தொழிற்கூடங்கள். அங்குத் தொழிலாளர் குறைகளைக் கேட்பார் இல்லை. நண்பகலில் உணவு கொள்ள அளித்த அரைமணி நேரம் போதவில்லை என்பது அவர்தம் முதன்மையான குறைகளுள் ஒன்று. கைகழுவி, கூட்டத்தில் இடம்தேடி, உண்டு, மீண்டும் பொறியருகே நிற்க அரைமணி போதுமா என்பதை ஆலையில் உழைப்போர் அறிவர்.

ஆலைக்கு அண்மையில் வணிகம் செய்துவந்த கோ. செல்வபதி செட்டியாரும் அவர் நண்பர் இராமாநுஜுலு நாயுடுவும் சமயச் சொற்பொழிவுக்கென ஒரு சபை நடத்திவந்தனர். வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்பது அதன் பெயர். பணி முடிந்து சமயவுரை கேட்க வந்த தொழிலாளர் தம் துன்பங்களையும் அங்கே வெளியிட்டனர். 1918 மார்ச்சில் திரு.வி.க. அங்கு அழைக்கப்பட்டுத் தொழிலாளர் நிலை பற்றி உரையாற்றினார். அன்னி பெசண்டு அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தைச் சார்ந்த பி.பி. வாடியாவும் முன்வந்தார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஒழுங்குமுறையோடு அமைக்கப்பெற்ற இந்தியத் தொழிற்சங்கங்களுள் இதனையே முதலாவதாக வரலாற்றாசிரியர் பலர் குறிப்பர். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவர்.

வாடியா ஆங்கிலத்தில் பேசுபவர். தொழிலாளர் அறிந்தவை தமிழும் தெலுங்குமே. எனவே சங்கம் என்றால் யாது, ஒற்றுமை எதற்கு, கூலி என்பது முதலாளி தரும் கொடையா உழைப்பின் உரிமையா என்பனவற்றை மக்கள் மொழியில் விளக்கும் பணி திரு.வி.க. போன்றோர்மேல் விழுந்தது. சைவ மேடைகளில் பழகிய நாவு ஆலைவாயிலுக்கு வந்தது. இலக்கியக் கல்வி உழைப்பவர்க்கு எவ்வாறு பயன்படும் என்னும் வினாவுக்கு இதனினும் தெளிவான விடை அரிது.

அதே 1918ஆம் ஆண்டு அவர் இல்லத்தைப் பேரிடி தாக்கியது. 1912இல் அவர் மணந்த கமலாம்பிகை அம்மையார் நோயுற்று அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார். பிறந்த மக்கள் இருவரும் முன்னரே குழந்தைப் பருவத்தில் இறந்திருந்தனர். முப்பத்தைந்து வயதில் தனியரான அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஏப்ரலில் ஒரு சங்கம் பிறந்தது. செப்டம்பரில் குடும்பம் மறைந்தது. அதன்பின் சங்கமும் எழுத்துமே அவர்தம் குடும்பம் ஆயின.

தடையாணையும் அதன் விளைவும்

1920 இறுதியில் ஆலையில் பூசல் முற்றியது. நிறுவனம் கதவடைப்புச் செய்தது. டிசம்பரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நிறுவனத்தார் வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளர் தம் வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தலைவர்கள் தூண்டினர் என்பது வழக்கின் சாரம். நீதிமன்றம் அவர்கட்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. தொழிலாளரிடம் பேசுவதே சட்ட மீறல் ஆகக்கூடிய நிலை ஏற்பட்டது. முடிவில், சங்கத்தைவிட்டு வாடியா விலகவேண்டும் என்னும் நிபந்தனையோடு 1921 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. தலைவரை விலக்கியே தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய முறை அன்று. அமெரிக்காவில் 1894ஆம் ஆண்டு புல்மன் இரயில்பெட்டி நிறுவன வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸ்மீது இதே போன்ற தடையாணை ஏவப்பட்டது. அதனை மீறியதாக அவர் சிறை சென்றார். சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த அதே 1918இல், போரை எதிர்த்துப் பேசிய ஒரு சொற்பொழிவுக்காக அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிறையிலிருந்தவாறே 1920இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஒன்பது இலட்சத்துக்கும் மிகுதியான வாக்குகள் பெற்றார். பேச்சுரிமையை அரசியலமைப்பிலேயே பொறித்துவைத்த நாட்டிலும், நிறுவனத்தின் நலனும் அரசின் அச்சமும் கைகோத்தபோது பேசியவர் சிறைப்பட்டார் என்பது கருதத்தக்கது. கடல் கடந்த இரு நகரங்களிலும் முதலாளியின் கையில் இருந்த கருவி ஒன்றே.

எனினும் சென்னை வழக்கு வீண்போகவில்லை. சங்கம் அமைத்தல் குற்றம் ஆகாது எனச் சட்டமே கூறவேண்டும் என்னும் கோரிக்கை அவ்வழக்கால் வலுப்பெற்றது. என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் முயன்றார். அதன் விளைவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பெரம்பூர்த் தொழிலாளர் இழந்த ஒரு வழக்கு இந்தியத் தொழிலாளர் அனைவர்க்கும் ஒரு காப்பாயிற்று. தொழில் தகராறுகளில் இத்தகைய தடையாணைகளை வன்மையாகக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் 1932இல்தான் வந்தது.

1921: வெளியிலிருந்தும் உள்ளிருந்தும்

வாடியா விலகியபின் சங்கத்தின் சுமை திரு.வி.க.வின் தோளுக்கு மாறியது. 1921இல் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் பக்கிங்காம் ஆலைக்கும் பரவிற்று. ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை அழைத்து, நாடுகடத்த நேரும் என எச்சரித்தார். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் தலையிட்டமையால் அது நடைபெறாது நின்றது என்பர். திரு.வி.க. காங்கிரசுக்காரர், தியாகராயர் எதிர்க்கட்சியினர். கருத்து வேறுபாடு கடந்து ஒருவர் உரிமைக்காக மற்றவர் நிற்பதே பொதுவாழ்வின் அழகு. அவ்வழகு அன்று சென்னையில் இருந்தது.

ஆனால் அவ்வேலைநிறுத்தத்தை முறித்தது வெளியிலிருந்து வந்த அச்சுறுத்தல் மட்டும் அன்று. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்தில் சேராது பணிக்குச் சென்றனர். புளியந்தோப்பில் பூசல் மூண்டது, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. எம்.சி. இராஜா போன்ற தலைவர் ஆதிதிராவிடர் தரப்பின் துன்பத்தை முன்வைத்தனர். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. இதனை நிறுவனத்தாரின் சூழ்ச்சி என்று மட்டும் கூறிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால், வேலைக்கு வெளியே தீண்டாமையை நாள்தோறும் நுகர்ந்தவர், ஆலைக்குள் மட்டும் ஒற்றுமை பேசியோரை எவ்வாறு முழுமையாக நம்புவர்? சேரிக்கும் தெருவுக்கும் இடையே இருந்த சுவரைச் சங்கம் இடிக்கவில்லை. அச்சுவரே சங்கத்தை இடித்தது. திரு.வி.க.வின் வரலாற்றில் மிகக் கசப்பான பாடம் இதுவே எனக் கருதுகிறேன்.

காஞ்சி மாநாடு

இதனையொத்த பிறிதொரு நிகழ்ச்சியையும் மறைக்காது கூறுதல் வேண்டும். 1925 நவம்பரில் நம் அண்டை நகராகிய காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரசு மாநாடு திரு.வி.க. தலைமையில் கூடியது. வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தைப் பெரியார் ஈ.வெ.ரா. முன்வைக்க முயன்றார். தலைவர் அதற்கு இடமளிக்கவில்லை. பெரியார் வெளியேறினார், காங்கிரசிலிருந்தும் விலகினார். பேச்சுரிமைக்காக ஆளுநர் முன் நின்றவரே ஒரு தீர்மானத்தின் வாயை அடைக்க நேர்ந்தது. இருவர் நட்பும் பின்னாளில் நிலைத்தது என்பது உண்மை. ஆயினும், நாற்காலியில் அமர்பவர் எவராயினும், எதிரே நிற்பவர் குரலைக் கேட்கும் கடமை அவருக்கு உண்டென்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. பெரியோர்தம் பிழையும் நமக்குப் பாடமே.

எழுத்துப் பணி

கட்சி அரசியலிலிருந்து படிப்படியாக ஒதுங்கிய அவர், எழுத்தில் ஆழ்ந்தார். 'மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்', 'முருகன் அல்லது அழகு', 'தமிழ்ச்சோலை' முதலியன தமிழ் உரைநடைக்கு வளம் சேர்த்தவை. 1927இல் வெளிவந்த 'பெண்ணின் பெருமை' பெண்கல்வி, கைம்பெண் மணம் ஆகியவற்றுக்காக வாதிட்ட நூல். மின்னணுத் தொழிற்கூடங்களில் இளம்பெண்கள் பெருந்தொகையினராக உழைத்து, விடுதிகளில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பும் இப்பகுதியில், அந்நூலை மீண்டும் படித்தல் நலம். என்னிடம் தமிழ் பயின்ற மாணவியர் சிலரும் அவ்விடுதிகளிலிருந்து விடுமுறை நாளில் வந்து என்னைக் காண்பதுண்டு. அவர்கள் பேசுவது சம்பளத்தைப் பற்றிக் குறைவே. தம் சொல்லுக்கு மதிப்புண்டா என்பதைப் பற்றியே மிகுதி.

1944இல் வெளியான 'திரு.வி.க. வாழ்க்கைக் குறிப்புகள்' தமிழ்த் தன்வரலாற்று நூல்களுள் தலையாயது. தம் பெருமையைக் காட்டிலும் தம் காலத்தை அதில் அவர் மிகுதியாக எழுதினார். மார்க்சியப் பொருளியலையும் காந்தியத்தையும் சன்மார்க்கத்தையும் ஒருங்கிணைக்க முயன்ற அவர் சிந்தனையை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆயின் உழைப்பவர்க்கு உரிமை மறுக்கும் எதுவும் அறமாகாது என்னும் நிலையிலிருந்து அவர் வழுவவில்லை.

விடுதலை நாளில் வீட்டுக்காவல்

1947ஆம் ஆண்டு பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மீண்டும் ஒரு நெடிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அப்போது சங்கத்தின் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. சென்னை மாகாணத்தில் ஆட்சி செலுத்தியது காங்கிரசு அமைச்சரவை. அவ்வரசு சங்கத்தாரை ஒடுக்கியதோடு, அறுபத்துமூன்று வயதைக் கடந்திருந்த திரு.வி.க.வையும் ஜூன் மாதத்தில் அவர் வீட்டிலேயே காவலில் வைத்தது. அக்காவல் பல திங்கள் நீடித்தது. ஆகஸ்டு 15 வந்தது, கொடி ஏறியது, தெருவெங்கும் ஆரவாரம். அக்கொடிக்காகப் பள்ளிப் பணியைத் துறந்தவர் இராயப்பேட்டை வீட்டில் அடைபட்டிருந்தார். ஆளுநர் வில்லிங்டன் சொல்லளவில் நிறுத்திய ஒன்றை, அவர்தம் கட்சித் தோழர் செயலில் காட்டினர்.

இதனை எண்ணுந்தோறும் ஒன்று புலனாகிறது. ஆட்சியின் நிறம் மாறினாலும், ஆலையின் அமைதியே நாட்டின் அமைதி என்று கருதும் மனப்போக்கு மாறுவதில்லை. உரிமைகள் ஒருநாளில் கிடைத்து நிலைப்பவை அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கேட்டுப் பெறவேண்டியவை.

இறுதிக் காலத்தில் அவர் கண்பார்வை மங்கியது. எனினும் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, பாடல்கள் இயற்றினார். தம் முதுமையைத் தாமே நகையாடுவார் போல் 'முதுமை உளறல்' என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டார். 1953 செப்டம்பர் 17ஆம் நாள், எழுபதாம் வயதில் மறைந்தார்.

நம் வட்டாரமும் திரு.வி.க.வும்

பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அதே ஆண்டில்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நூற்றாண்டு கண்ட ஆலையின் சங்கு ஓய, நம் வயல்களிடையே புதிய வாயில்கள் எழுந்தன. 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர் வேலை இழந்தனர். நிறுவனம் வருவதற்குச் சிவப்புக் கம்பளம் உண்டு. அது போகும்போது தொழிலாளரைக் கேட்பார் இல்லை என்பதை நம் ஊர்கள் அன்று கண்டன.

2024 செப்டம்பர் 9ஆம் நாள் திருப்பெரும்புதூர்ச் சாம்சங் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 37 நாள் நீடித்தது. ஊதியம் ஒரு கோரிக்கை. ஆனால் தம் சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பதே தலையாய கோரிக்கை. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறலாமா என்னும் வழக்காடலும் எழுந்தது. உயர்நீதிமன்றம்வரை சென்றபின், 2025 ஜனவரியில் அச்சங்கம் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாயிற்று. பெரம்பூரில் இழந்த வழக்கிலிருந்து முளைத்த சட்டம், நூறு ஆண்டுகளை நெருங்கும் வேளையில், திரு.வி.க. பிறந்த நிலப்பரப்புக்கே திரும்பி வந்து ஒரு சங்கத்துக்குப் பெயர் சூட்டியது.

வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒன்று கூற விழைகிறேன். திரு.வி.க. ஆலைத்தொழிலாளி அல்லர், தமிழாசிரியர். தொழிலாளர்க்கு அவர் அளிக்கக்கூடியதாக இருந்தது தமிழ் ஒன்றே. அதனை அவர் அளித்தார். அவர் அளித்தவிடத்து அது வலிமையாயிற்று. கேளாது விட்டவிடத்து, புளியந்தோப்பிலும் காஞ்சியிலும், அது தோற்றது. நம் கவிதைகளில் பொறிகளின் ஓசை உண்டு. இரவுப்பணியின் களைப்பு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியின் குரல் உண்டா? பிறமொழி பேசும் வடபுலத்து இளைஞனின் துன்பம் உண்டா? விடுதிப் பெண்ணின் சொல் உண்டா? அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் அவற்றையும் கேட்குமாயின், துள்ளத்தில் பிறந்த அப்பெருமகனார்க்கு நாம் செய்யும் நன்றி அதுவே ஆகும்.